ஹோம் டிரைவை ஒரே ராத்திரியில் மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் சர்வர் 2012, 2012 ஆர்2 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்துபோனது. காசு கட்டி வாங்கும் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு 2026 அக்டோபர் 13 கடைசி நாள். அதிலிருந்து மூன்றே மாதத்தில், 2027 ஜனவரி 12-இல், சர்வர் 2016-இன் ஆதரவும் முடிகிறது. ஊழியர்களின் ‘எச் டிரைவ்’, அதாவது ஒவ்வொருவரின் சொந்த ஃபைல்களும் சர்வரில் இருக்கும் ஹோம் டிரைவ், இந்தப் பழைய சர்வர்களில் இருக்கும் கல்லூரிகள், மருத்துவமனைகள், நூற்பாலைகள், தணிக்கை அலுவலகங்கள் எல்லாம் அதை வேறு இடத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். “சனிக்கிழமை சாயங்காலம் காப்பி போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடலாம்” என்று நிர்வாகம் நினைக்கும். அப்படி நினைக்கக் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

காப்பி அடிப்பது இந்த வேலையில் சிறு பகுதி. ஒரு ஊழியரின் ஹோம் டிரைவ் என்றால் நான்கு சங்கதிகள்: ஃபைல்கள், அவற்றின் மீதான பெர்மிஷனும் உரிமையாளர் பெயரும், அலுவலகத்தின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் அந்த ஊழியர் பெயரில் எழுதியிருக்கும் முகவரி, அவருடைய கணினி நினைவில் வைத்திருக்கும் பழைய பாதை. இந்த நான்கும் ஒருவருக்கு ஒரே நேரத்தில் மாற வேண்டும். நூறு பேருக்குச் சேர்த்து மாற்றினால் ஏதோ நான்கு பேருக்கு ஏதோ ஒன்று விட்டுப்போகும். அந்த நான்கு பேர் யார் என்று திங்கட்கிழமை காலை யாருக்கும் தெரியாது. ஆகவே தானியங்கி ஏற்பாட்டின் அலகு சர்வராக இருக்கக் கூடாது, ஆளாக இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒரே ஒரு சர்வர், அதே ஃபோல்டர் அமைப்பு, அப்படியே புதிய இயந்திரத்துக்குப் போனால் போதும் என்றால், சர்வர் 2019 முதல் கூடவே வரும் ‘ஸ்டோரேஜ் மைக்ரேஷன் சர்வீஸ்’ போதும். கணக்கெடுத்து, காப்பி செய்து, கடைசியில் பழைய சர்வரின் பெயரையும் ஐபி முகவரியையும் புதியது எடுத்துக்கொள்ளும். ஊழியர்களின் கணினியில் எதையும் தொட வேண்டாம். ஆனால் பல சர்வர்களை ஒன்றாக்கவோ, ஒன்றைப் பிரிக்கவோ, பத்து வருடக் குப்பையை ஒழுங்குபடுத்தவோ வேண்டுமென்றால் ஆள்வாரியாகப் போவதுதான் வழி. இனி எழுதுவது அதைப் பற்றி.

முதலில் ஒரு பட்டியல். ஆக்டிவ் டைரக்டரியில் ‘ஹோம்டைரக்டரி’ என்ற பண்பில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லோருக்கும் எடுங்கள். பழைய சர்வரில் என்னென்ன ஃபோல்டர்கள் இருக்கின்றன என்று தனியாக எடுங்கள். இரண்டும் பொருந்தாது. வேலையை விட்டுப் போனவர்களின் ஃபோல்டர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். ஆள் இருப்பார், பாதை மூன்று வருடத்துக்கு முன்பே இறந்துபோன சர்வரைக் காட்டும். இந்தக் கணக்கைக் கட்டளை எழுதி ஓட்டும் பவர்ஷெல்லில் எடுங்கள், எக்ஸ்ப்ளோரரில் பார்த்து எழுதாதீர்கள். ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘டெஸ்க்டாப்.இனி’ ஃபைலால் எக்ஸ்ப்ளோரர் வரிசையாக எல்லா ஃபோல்டரையும் ‘டாகுமென்ட்ஸ்’ என்றே காட்டும். எது யாருடையது என்று தெரியாது. போனவர்களின் ஃபோல்டரை நீங்களாக அழிக்க வேண்டாம். தனியே ஒதுக்கி, துறைத் தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

இந்தப் பட்டியல்தான் மொத்த வேலையின் முதுகெலும்பு. ஒரு ஊழியருக்கு ஒரு வரி: பயனர் பெயர், பழைய பாதை, புதிய பாதை, காப்பிக் கருவி கடைசியாக ஓடி முடித்துத் தந்த விடை எண், நிலை. நிலை என்பது ஒரு எண் மட்டும்: 0 பட்டியலில் ஏறியது, 1 முதல் காப்பி முடிந்தது, 2 இரவுதோறும் ஒத்திசைகிறது, 3 பூட்டப்பட்டது, 4 முகவரி மாறியது, 5 சரிபார்த்தது, 9 ஆள் பார்க்க வேண்டியது. ஸ்கிரிப்ட் எந்த வேலையைச் செய்வதற்கு முன்பும் அந்த எண்ணைப் படிக்க வேண்டும், முடித்ததும் எழுத வேண்டும். நடுவில் மின்சாரம் போனாலும் மறுபடி ஓடவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இங்கேயே ஒரு எச்சரிக்கை. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் இந்தப் பட்டியலை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணை ஃபைலாக எழுதினால், எழுத்துகளைச் சேமிக்கும் குறிமுறை எதுவும் சொல்லாவிட்டால், ஆங்கில எழுத்து மட்டுமே தெரிந்த ஆஸ்கியில் எழுதும். தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாகிவிடும். தமிழும் அடங்கும் யூடிஎஃப்-8 என்று சொல்லி எழுத வைக்க வேண்டும். விண்டோஸின் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பி எழுதும் லாகுக்கும் (நடந்ததன் பதிவு) இதே கதை: கட்டளையோடு சேர்க்கும் சுவிட்ச்களில் சாதாரண ‘லாக்’கை விட்டு ‘யூனிலாக்’ போடுங்கள். இல்லாவிட்டால் எந்த ஃபைல் விழுந்தது, அதாவது காப்பியாகாமல் போனது, என்று லாகைத் திறந்தால் வெறும் கேள்விக்குறிதான் இருக்கும்.

இனி காப்பி. கருவி ரோபோகாப்பியேதான்; விண்டோஸிலேயே இருக்கிறது, செலவில்லை. புதிய சர்வரில் உட்கார்ந்து பழையதிலிருந்து இழுங்கள். மூன்றாவது கணினியிலிருந்து ஓட்டினால் ஒவ்வொரு பைட்டும் இரண்டு முறை வலையமைப்பைக் கடக்கும். ‘காப்பிஆல்’ போட்டால் தரவு, பண்புகள், நேரம், பெர்மிஷன், உரிமையாளர், தணிக்கைக் குறிப்பு எல்லாம் வரும். ஃபோல்டர்களின் தேதி மட்டும் வராது. அதற்கு ‘டிகாப்பி:டிஏடி’ தனியே வேண்டும். வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் ஜங்ஷன்களுக்குள் போய்ச் சுற்றிச் சுற்றி வராமலிருக்க ‘எக்ஸ்ஜே’. சிறு ஃபைல்கள் நிறைய இருக்கும் என்பதால் பலவற்றை ஒரே நேரத்தில் காப்பி செய்ய ‘எம்டி:16’ அல்லது 32. குப்பைத் தொட்டி ஃபோல்டரை ‘எக்ஸ்டி’ போட்டு விலக்கிவிடுங்கள்.

மிக முக்கியம் எத்தனை முறை முயல வேண்டும் என்ற ‘ஆர்’, நடுவே எத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என்ற ‘டபிள்யூ’ இரண்டும். ஒரு ஃபைலைத் திறக்க முடியாவிட்டால் ரோபோகாப்பி இயல்பாகப் பத்து லட்சம் முறை, முறைக்கு 30 வினாடி காத்திருந்து முயலும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று கோடி வினாடி, ஏறக்குறைய 347 நாள். யாரோ ஒருவர் அவுட்லுக்கை மூடாமல் வீட்டுக்குப் போய், அவருடைய அஞ்சல்கள் இருக்கும் பிஎஸ்டி ஃபைல் திறந்தே இருந்தால் போதும், காலையில் வந்து பார்க்கும்போது அந்த ஃபைலில் வேலை நின்றிருக்கும். ‘ஆர்:1’, ‘டபிள்யூ:1’ என்று வைத்து, விழுந்ததை லாகில் பிடியுங்கள்.

பெர்மிஷனில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். டாகுமென்ட்ஸ் போன்றவற்றைக் கணினியில் வைக்காமல் சர்வருக்குத் திருப்பிவிடும் ஃபோல்டர் ரீடைரக்‌ஷன் அமைக்கும்போது ‘பயனருக்கு மட்டுமே முழு உரிமை’ என்ற கட்டம் டிக் ஆகியிருந்தால் நிர்வாகிக்கே அந்த ஃபோல்டர் திறக்காது. ‘அனுமதி இல்லை’ என்ற பிழை எண் 5 வரும். உடனே ‘டேக்ஓன்’ கட்டளையை மொத்தமாக ஓட்டி உரிமையாளரை நிர்வாகியாக மாற்றிவிடுகிறார்கள். அன்றைக்குக் காப்பி ஆகிவிடும். அடுத்த லாகினில் ரீடைரக்‌ஷன், ஃபோல்டரின் உரிமையாளர் பயனர்தானா என்று பார்க்கும்; இல்லை என்றால் நிகழ்வுப் பதிவில் 502 எழுதிவிட்டு நின்றுவிடும். ஊழியரின் டாகுமென்ட்ஸ் காலியாகத் தெரியும், அவர் பதறுவார். டேக்ஓன் தேவையே இல்லை. ‘பி’ சுவிட்ச் போட்டால் ரோபோகாப்பி பேக்அப் உரிமையில் படிக்கும். ஓட்டும் கணக்குக்கு இரண்டு சர்வரிலும் பேக்அப், ரீஸ்டோர் உரிமை இருக்க வேண்டும். குறித்த நேரத்தில் பணியை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ‘ஹையஸ்ட் பிரிவிலெஜஸ்’ டிக் செய்திருக்க வேண்டும். இந்த ஒரு டிக் விட்டுப்போய் மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. ‘இசட்பி’ என்று போடுபவர்களும் உண்டு. அதில் ‘இசட்’ பகுதி வேகத்தைக் குறைப்பதால் உள்ளூர் வலையமைப்பில் வேண்டாம்.

பழைய சர்வரின் உள்ளூர்க் குழுக்களுக்குக் கொடுத்த பெர்மிஷன் புதியதில் வெறும் எஸ்-1-5-21 என்று தொடங்கும் எண்ணாக நிற்கும், யாருக்கும் பயன்படாது. முன்கூட்டியே அலுவலகம் முழுவதுக்கும் பொதுவான டொமைன் குழுக்களாக மாற்றிவிடுங்கள்.

விடை எண்ணைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ரோபோகாப்பி வெற்றியடைந்தால் பூஜ்யம்தான் வரும் என்றில்லை. 1 என்றால் சில ஃபைல் காப்பியானது, 2 என்றால் சேருமிடத்தில் கூடுதலாக ஏதோ இருந்தது, 4 என்றால் பொருந்தாதது இருந்தது, 8 என்றால் சில விழுந்தன, 16 என்றால் பெரும் பிழை. இவை கூட்டாக வரும்: 11 வந்தால் 8, 2, 1 மூன்றும் நடந்திருக்கிறது. எட்டுக்குக் கீழே எல்லாம் நலம். ‘பூஜ்யம் இல்லையென்றால் பிழை’ என்று எழுதிய ஸ்கிரிப்ட் நன்றாக நடந்த இரவிலும் நின்றுவிடும். அதற்குப் பயந்து விடை எண்ணைப் பார்க்காமல் விட்டவர்களின் ஸ்கிரிப்ட், பாதி விழுந்த இரவையும் நல்ல இரவென்று எழுதும். இரண்டாவது வகைதான் ஆபத்து. எட்டோ அதற்கு மேலோ வந்தால் நிலை 9, அவ்வளவுதான்.

நேரக் கணக்கு: ஒரு கிகாபிட் வலையமைப்பில் பெரிய ஃபைல்கள் என்றால் ஒரு டெராபைட்டுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஹோம் டிரைவ்களில் இருப்பதோ லட்சக்கணக்கில் பத்து இருபது கிலோபைட் ஃபைல்கள். ஒவ்வொன்றுக்கும் திற, எழுது, பெர்மிஷன் வை, மூடு என்று சர்வர்கள் பேசிக்கொள்ள வேண்டும். அந்த இரண்டரை மணியை நம்பி வார இறுதியைத் திட்டமிடாதீர்கள். பழைய டிரைவில், ஒரே உள்ளடக்கத்தை ஒருமுறை மட்டும் சேமிக்கும் டீடூப்ளிகேஷன் இருந்தால் இடக்கணக்கும் மாறும்: காப்பி ஆகும்போது ஒவ்வொரு ஃபைலும் முழு அளவுக்கு விரியும், அங்கே ஒரு டெராபைட்டில் அடங்கியது இங்கே அடங்காமல் போகலாம். ஒருவருக்கு இவ்வளவு இடம்தான் என்று வரம்பிடும் எஃப்எஸ்ஆர்எம் கோட்டா ரோபோகாப்பியோடு வராது. புதிய சர்வரில் முன்கூட்டியே கறாரான கோட்டா வைத்துவிட்டால், டிஸ்க்கில் இடம் இருந்தும் ‘இடம் இல்லை’ என்ற பிழை எண் 112 வரும். காப்பி முடியும்வரை எச்சரிக்கை மட்டும் தரும் கோட்டாவாக வையுங்கள்.

சேருமிடம் லினக்ஸ் அடிப்படையிலான நாஸ் பெட்டி (வலையமைப்பில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) என்றால் தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு சுவர் இருக்கிறது. விண்டோஸின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 யூனிகோடு அலகு வரை போகலாம். லினக்ஸின் ஃபைல் அமைப்பான ஈஎக்ஸ்டி4-இல் எல்லை 255 பைட். ‘கொள்முதல்’ என்பது நமக்கு ஐந்தெழுத்து. கணினிக்கு 9 குறியீடு, யூடிஎஃப்-8-இல் 27 பைட். ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் வீதம் 85 குறியீட்டோடு இடம் தீர்ந்துவிடும். அரசாணையின் தலைப்பையே ஃபைல் பெயராக வைக்கும் அலுவலகங்களில் இது சீக்கிரமே முட்டும். விண்டோஸில் பல வருடம் நன்றாக இருந்த ஃபைல், ஒரே நாளில் ‘பெயர் நீளம்’ என்று மறுக்கப்படும். முன்கூட்டியே எல்லாப் பெயர்களின் பைட் நீளத்தையும் அளந்து, மீறுபவற்றின் பட்டியலை உரியவரிடமே கொடுத்துச் சுருக்கச் சொல்லுங்கள். ‘கொ’ என்பதை ஒற்றைக் குறியாகவும் அடிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாகவும் அடிக்கலாம். என்டிஎஃப்எஸ் இரண்டையும் ஒன்றாக்காது. கண்ணுக்கு ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் ஒரே ஃபோல்டரில் இருக்க முடியும். இரட்டிப்பு என்று எண்ணி ஒன்றை அழித்துவிடாதீர்கள்; உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம்.

இப்போது இந்த வேலையின் உயிர்நாடியான இடம்: மாற்றும் இரவு.

இரவுதோறும் ஒத்திசைக்க ‘எம்ஐஆர்’ சுவிட்ச் போட்டிருப்பீர்கள். மூலத்தில் இல்லாததைச் சேருமிடத்தில் அழிப்பது அதன் வேலை. ஊழியர் புதிய சர்வருக்கு மாறிய பிறகு அந்தப் பணி இன்னும் ஒரே ஒரு இரவு ஓடினால் போதும்: அன்றைக்கு அவர் புதிதாக உருவாக்கியது அழியும், திருத்தியதன் மேல் பழைய பிரதி ஏறும். ‘எக்ஸ்ஓ’ போடாவிட்டால் ரோபோகாப்பி பழைய தேதி ஃபைலையும் புதியதன் மேல் எழுதும். லாகில் பிழை எதுவும் இருக்காது. விடை எண் 3, நலம். சம்பளப் பட்டியலோ ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமோ போயிருக்கும். இந்த வேலையில் ஃபைல் தொலைவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை.

இதைத் தடுக்கச் சிலர் பழைய ஃபோல்டரில் ‘எழுதத் தடை’ பெர்மிஷன் வைக்கிறார்கள். அடுத்து வரும் கடைசிக் காப்பியில் ‘காப்பிஆல்’ அந்தத் தடையையும் புதிய இடத்துக்குக் கொண்டுபோகும். காலையில் ஊழியர் தன் சொந்த ஃபோல்டரில் எழுத முடியாமல் நிற்பார். எங்கள் பரிந்துரை எளியது: பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். பயனர் பெயருக்குப் பின்னால் ஒரு ஒட்டுச்சொல் சேருங்கள். உள்ளே ஒரு ஃபைல் திறந்திருந்தாலும் விண்டோஸ் பெயர் மாற்ற விடாது. ஆகவே பெயர் மாறிவிட்டது என்றால் உள்ளே யாரும் இல்லை என்று பொருள். மாறாவிட்டால், ‘கெட்-எஸ்எம்பிஓப்பன்ஃபைல்’ கட்டளையில் யார் எதைத் திறந்திருக்கிறார் என்று பார்த்து, அவரை அடுத்த இரவுக்குத் தள்ளுங்கள். பெயர் மாறிய பிறகு பழைய பாதையில் எதுவும் இல்லாததால், மறதியாக ஓடும் எம்ஐஆர் பணி 16 என்று விழுமே தவிர எதையும் அழிக்காது. ஒரே செயல் பூட்டாகவும் சோதனையாகவும் காவலாகவும் ஆகிறது. ஒவ்வொருவருக்கும் டாலர் குறியோடு தனித்தனி ஷேர், அதாவது வலையமைப்பில் பகிர்ந்த பெயர், வைத்திருக்கும் இடங்களில் முதலில் அந்த ஷேரை நீக்கிவிட்டுப் பெயர் மாற்ற வேண்டும்.

வரிசை இதுதான். பெயர் மாற்றம், மாற்றிய பெயரிலிருந்து கடைசிக் காப்பி, அதே சுவிட்ச்களோடு ‘எல்’ சேர்த்து வெறும் பட்டியல் ஓட்டம் (காப்பி செய்ய ஒன்றும் மிச்சமில்லை என்று வர வேண்டும்), பிறகு ஃபைல் எண்ணிக்கை, மொத்த பைட், சில ஃபைல்களின் ஷா-256 (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்), மேல்மட்ட ஃபோல்டர்களின் பெர்மிஷன் ஒப்பீடு. இவ்வளவும் பொருந்தினால் மட்டும் ‘செட்-ஏடியூசர்’ கட்டளையில் ஹோம்டைரக்டரி, ஹோம்டிரைவ் இரண்டையும் மாற்றலாம். பழைய மதிப்பைப் பட்டியலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்வாங்குவதானால் அந்த இரவுக்குள்தான்; ஊழியர் புதிய இடத்தில் எழுதத் தொடங்கிய பிறகு பின்வாங்குவது இன்னொரு இடமாற்றம்.

கிளை அலுவலகம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். தளங்களுக்கு இடையே ஆக்டிவ் டைரக்டரி நகலாகும் இடைவெளி இயல்பாக 180 நிமிடம். காலை எட்டரைக்கு மாற்றினால் ஒன்பது மணிக்குக் கிளையில் லாகின் செய்பவருக்குப் பழைய பாதைதான் கிடைக்கும், அங்கேயோ ஃபோல்டர் இல்லை. இரவிலேயே மாற்றி, ‘ரெப்அட்மின்’ கட்டளை கொண்டு நகலாக்கத்தைத் தள்ளிவிடுங்கள்.

ஃபோல்டர் ரீடைரக்‌ஷன் வைத்திருப்பவர்கள் எல்லாக் கணினிகளுக்கும் விதிகளை அனுப்பும் குரூப் பாலிசியில் புதிய பாதையைக் கொடுக்கும்போது ‘உள்ளடக்கத்தைப் புதிய இடத்துக்கு நகர்த்து’ என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். நீங்கள் ஏற்கெனவே காப்பி செய்துவிட்டீர்கள். டிக் இருந்தால் ஒவ்வொரு கணினியும் லாகினின்போது தானே நகர்த்தத் தொடங்கும். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மடிக்கணினிக்காரர்கள் தனி வகை. வலையமைப்பு இல்லாத இடத்திலும் வேலை செய்ய உதவும் ஆஃப்லைன் ஃபைல்ஸ் பழைய பாதையின் பெயரில்தான் பிரதி வைத்திருக்கும். ஒத்திசையாத திருத்தங்கள் பாதை மாறியதும் அநாதையாகிவிடும். மாற்றும் நாளுக்கு முன் அவர்கள் அலுவலகம் வந்து, ஒத்திசைவு நிலையைக் காட்டும் ‘சிங்க் சென்டர்’ சுத்தமாக இருப்பதைக் காட்டிய பிறகே நிலை 3-க்குப் போக வேண்டும். மூடியை மட்டும் சாத்தி வைத்து வாரக்கணக்கில் லாக்ஆஃப் செய்யாதவர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், மின்னஞ்சல் போதாது.

முதல் சுற்றில் ஐந்து பேர், அதுவும் கணினிப் பிரிவு ஆட்கள். பிறகு இருபது, பிறகு ஐம்பது. செவ்வாய், புதன், வியாழன் இரவுகள் மட்டும். மாதக் கடைசி, சம்பள வாரம், மார்ச் 31, தேர்வு முடிவு வரும் நாள்கள் வேண்டாம். புதிய முகவரியை நேரடி சர்வர் பெயரில் எழுதாமல் எந்த ஒரு சர்வரையும் சாராத பொதுப் பெயரான டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸ் பெயரில் எழுதினால், அடுத்த முறை சர்வர் மாற்றும்போது ஊழியர்களின் முகவரியைத் தொட வேண்டியிருக்காது. இந்த அரைநாள் உழைப்பைத் தயவுசெய்து இப்போதே செய்துவிடுங்கள்.

பழைய சர்வரை உடனே அணைக்க வேண்டாம். அதிலிருக்கும் ஷேடோ காப்பிகள், அதாவது ‘முந்தைய பதிப்புகள்’, புதியதற்கு வந்திருக்காது. ஒரு எக்ஸெல் ஃபைலிலிருந்து இன்னொன்றுக்குப் போட்ட இணைப்புகளில் பழைய சர்வரின் பெயர் முழுப் பாதையாகப் பதிந்திருக்கலாம். காலாண்டு அறிக்கையைத் திறக்கும்போதுதான் அது தெரியவரும். ஆகவே ஒரு காலாண்டு முடிவாவது கடக்கட்டும். அதற்குள் பழைய சர்வருக்கு இன்னும் யார் வருகிறார்கள் என்று தினமும் பாருங்கள். மனிதர்கள் யாரும் இல்லாத ராத்திரியிலும் ஒரு இணைப்பு வந்துகொண்டிருந்தால், மாடிப்படி ஓரத்தில் இருக்கும் ஜெராக்ஸ் இயந்திரத்தைப் போய்ப் பாருங்கள். ஸ்கேன் செய்ததை ஃபோல்டரில் போடும் முகவரிப் புத்தகத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே பழைய பாதை இருக்கும். அந்த இயந்திரம் பழையதானால், ஃபைல் பகிர்வின் பழைய நெறிமுறையான எஸ்எம்பி 1 மட்டுமே பேசும். சர்வர் 2019 முதல் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஸ்கேன் ஓடவில்லையே என்று புதிய சர்வரில் எஸ்எம்பி 1-ஐ இயக்கிவிடாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம்பறிக்கும் வைரஸ் பரவியது அந்த வாசல் வழியாகத்தான். இயந்திரத்தின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க முடியுமா என்று சர்வீஸ்காரரிடம் கேளுங்கள். முடியாதென்றால் ஸ்கேனை மின்னஞ்சலுக்குத் திருப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகப் பணியில் இருக்கும் வாசகர்கள் சிலர்,
கோயம்புத்தூர்